விளம்பரம் பார்த்தால் விலை குறைவு: கணினி வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் புளோக்கின் ஐந்தாம் மாடி அக்கா மின்தூக்கி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கைபேசியில் இரண்டு டேப்லட்டின் படம் இருந்தது. அளவு, நினைவகம், நிறம் எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் விலை மட்டும் முப்பது வெள்ளி குறைவு. அதன் கீழே பொடி எழுத்தில் 'விளம்பரங்களுடன்' என்று போட்டிருந்தது.

"டிவியில் பார்க்காத விளம்பரமா தம்பி? முப்பது வெள்ளிக்கு ஒரு வாரத்துக் காய்கறி வாங்கிவிடலாமே" என்றார்.

யாருக்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். அம்மாவுக்காம். அவருக்கு 74 வயது. திருச்சியில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசுவதற்கு வேண்டுமாம். அப்படியானால் வேண்டாம் அக்கா என்றேன். பஸ்ஸில் போகும்போது நானே கதைப் புத்தகம் படிக்கப் போகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால், தாராளமாக வாங்குங்கள் என்றிருப்பேன்.

பொருளும் தள்ளுபடியும் மாறாமல் பதில் மட்டும் ஏன் மாறுகிறது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. மின்தூக்கி வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. வார இறுதிகளில் சமூக மன்றத்தில் மூத்தோருக்குக் கணினி சொல்லிக்கொடுக்கப் போகிறவன் என்ற முறையில், இந்த விஷயத்தில் நம் ஆட்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

விலைச்சீட்டை மட்டும் பார்ப்பது

தள்ளுபடி ஒருமுறை கிடைப்பது. விளம்பரமோ தினமும் வருவது. கடையில் நிற்கும்போது முதலாவது மட்டும்தான் கண்ணில் படுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லேப்டாப் நூறு வெள்ளி மலிவாகக் கிடைக்கிறது, அதை நான்கு ஆண்டு பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டு என்றால் 1,460 நாள். ஒரு நாளைக்கு உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 7 காசு. விளம்பரத்தை மூடுவது, தவறிப்போய்த் திறந்ததிலிருந்து வெளியே வருவது, மறுபடி வேலையில் கவனம் வைப்பது எல்லாம் சேர்த்து தினமும் இரண்டே நிமிடம் போகிறது என்றாலும், நான்கு ஆண்டில் 48 மணி நேரத்துக்கு மேல் போய்விடும். மணிக்கு இரண்டு வெள்ளி சம்பளத்துக்கு விளம்பரம் பார்க்க ஒத்துக்கொண்டது போலத்தான் ஆகிறது. சிலருக்கு அது சரியாகவே படலாம், அதில் நான் தலையிட மாட்டேன். கணக்கைப் போடாமல் சம்மதிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தயாரிப்பாளர் எப்படிக் கணக்குப் போடுகிறார் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஷியோமி 2018இல், வன்பொருளில் 5 விழுக்காட்டுக்கு மேல் நிகர லாபம் எடுப்பதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. அந்த நிறுவனத்தின் கைபேசிகளில் அமைப்புச் செயலிகளுக்குள்ளேயே விளம்பரம் வருவதைத் தேக்காவில் கைபேசி வாங்கிய பலரும் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவில் விசியோ என்ற டிவி நிறுவனம், 2021இல் டிவி விற்றுக் கிடைத்த லாபத்தைவிட விளம்பரத்திலும் தரவிலும் அதிக லாபம் பார்த்தது. 2024இல் வால்மார்ட் அந்த நிறுவனத்தை 230 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. பெட்டியை விற்பதோடு வியாபாரம் முடிவதில்லை, அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. அதனால்தான் முன்னால் குறைத்துக் கொடுக்க அவர்களால் முடிகிறது.

எல்லா விளம்பரமும் ஒன்று என்று நினைப்பது

இங்கேதான் மக்கள் அதிகம் குழம்புகிறார்கள். விளம்பரத்தில் பல ரகம் உண்டு.

மின்னூல் படிப்பதற்கான தன் கிண்டில் கருவியை அமேசான் 2011இல் விளம்பரத்தோடும் கொண்டுவந்தது. சாதாரணக் கிண்டில் 139 அமெரிக்க டாலர், விளம்பரக் கிண்டில் 114 டாலர். கருவி தூங்கும்போது திரையிலும், முகப்புப் பக்கத்தின் அடியிலும் விளம்பரம் வரும். புத்தகத்தைத் திறந்துவிட்டால் ஒன்றும் வராது. பிற்பாடு வேண்டாமென்று தோன்றினால் வித்தியாசத் தொகையைக் கட்டி நீக்கிக்கொள்ளலாம். இதை நான் நேர்மையான பேரம் என்பேன். எவ்வளவு குறைகிறது, எங்கே வருகிறது, எப்படி வெளியேறுவது என்ற மூன்றும் வாங்குவதற்கு முன்பே தெரிகின்றன.

இன்னொரு கோடிக்குப் போனால் லெனோவோ விவகாரம். 2014இன் பிற்பகுதியில் வந்த சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற நிறுவனத்தின் விளம்பர மென்பொருளை ஏற்றியே விற்றார்கள். நீங்கள் இணையத்தில் ஒரு பையைப் பார்த்தால், அதே மாதிரிப் பைகளை அது பக்கத்தில் காட்டும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் பூட்டுக் குறி போட்ட பாதுகாப்பான பக்கங்களிலும் விளம்பரத்தை நுழைக்க, அது கணினிக்குள் தன் சொந்தச் சான்றிதழைப் பதித்துவிட்டது. வங்கித் தளத்துக்கும் உங்களுக்கும் இடையில் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை என்று உறுதி சொல்வது இப்படிப்பட்ட சான்றிதழ்தான். அந்த உறுதியை ஒரு விளம்பர மென்பொருள் கையில் எடுத்துக்கொண்டது. இன்னும் மோசம், அந்தச் சான்றிதழுக்கான ரகசியச் சாவி அத்தனை லேப்டாப்பிலும் ஒன்றேதான். உணவங்காடியில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே வைஃபையைப் பயன்படுத்துகிறவர் அந்தச் சாவியைக் கண்டுபிடித்து வைத்திருந்தால், உங்கள் வங்கிப் பக்கம் போலவே ஒன்றைக் காட்டலாம், கணினி எச்சரிக்காது. 2015 பிப்ரவரியில் இது அம்பலமானது. அதை நீக்கிவிடும்படி அமெரிக்க அரசே அறிவுறுத்தியது. 2017இல் அந்நாட்டின் 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்டி லெனோவோ விவகாரத்தை முடித்துக்கொண்டது.

லேப்டாப்பை வாங்கிய எவரும் இதற்குச் சம்மதம் சொன்னதாக நினைத்திருக்க மாட்டார்கள். அதனால், விளம்பரம் எங்கே வரும் என்று கேட்பதோடு விடாதீர்கள். அதைக் காட்டுவதற்கு இந்தக் கருவி என்னவெல்லாம் பார்க்கிறது என்றும் கேளுங்கள். மேலே சொன்ன விசியோ, ஒரு கோடியே பத்து லட்சம் டிவிகளில் ஓடுவதை நொடிக்கு நொடி சொல்லாமல் கொள்ளாமல் கவனித்துவந்தது. 2017இல் 22 லட்சம் டாலர் கட்டவேண்டி வந்தது.

முழு விலை கொடுத்தால் தப்பித்தோம் என்று நம்புவது

இதுவும் தவறுதான். விண்டோஸ் 11இல் 2024 ஏப்ரல் முதல், ஸ்டார்ட் பட்டியலின் பரிந்துரைப் பகுதியில் செயலி விளம்பரங்கள் வருகின்றன. இரண்டாயிரம் வெள்ளி லேப்டாப்பிலும் வரும். முப்பது நாள் இலவச வைரஸ் தடுப்பு, யாரும் கேட்காத விளையாட்டுகள் போன்றவையும் பல லேப்டாப்களில் பெட்டியைத் திறக்கும்போதே உள்ளே இருக்கின்றன. நல்ல வேளை, இவற்றைப் பெரும்பாலும் நாமே அணைக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

யார் உட்காரப் போகிறார் என்பதை மறப்பது

எனக்கு இதுதான் முக்கியம். அக்காவிடம் வேண்டாம் என்று சொன்னதற்கும் இதுதான் காரணம்.

எங்கள் வகுப்புக்கு ஒரு பெரியவர் வருவார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் நிதானமாகக் கற்றுக்கொள்கிற மனிதர். சலுகை விலையில் மகன் வாங்கித் தந்த லேப்டாப்பில் தினமும் காலையில் சிவப்புப் பெட்டி ஒன்று வரும். உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது, இப்போதே புதுப்பியுங்கள் என்று. அது கணினியோடு வந்த மென்பொருளின் விளம்பரம்தான். ஆபத்தானது ஒன்றுமில்லை. ஆனால் கணினியே சொல்கிறது என்று நம்பி அவர் பணம் கட்டினார். கட்டியதும் பெட்டி போய்விட்டது. சிவப்புப் பெட்டி வந்தால் அது சொல்கிறபடி செய்ய வேண்டும் என்று அவர் கற்றுக்கொண்டது அங்கேதான்.

சில மாதம் கழித்து இணையத்தில் தமிழ்ச் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது வேறொரு சிவப்புப் பெட்டி வந்தது. இந்த முறை அதில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அழைத்தார். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகப் பேசி, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளைப் பதிவிறக்கச் சொன்னார். மகன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த நேரம் நன்றாக இருந்தது. அவர் உடனே வைஃபையைப் பிடுங்கினார்.

அந்தப் பெரியவர் முட்டாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவருக்கு மாதக்கணக்கில் தவறான பாடம் நடத்தப்பட்டிருக்கிறது. தானாகவே விளம்பரம் காட்டுகிற கருவியில், கணினியின் குரல் எது, வியாபாரியின் குரல் எது, மோசடிக்காரனின் குரல் எது என்ற எல்லைக்கோடு அழிந்துபோகிறது. நமக்கு அனுபவம் இருப்பதால் பிரித்துப் பார்த்துவிடுகிறோம். புதிதாகக் கற்கும் மூத்தோருக்கு அந்தக் கோடு தெளிவாக இருந்தே ஆக வேண்டும். அது முப்பது வெள்ளிக்கு விட்டுக்கொடுக்கும் விஷயமில்லை.

இது சிங்கப்பூரில் வெறும் பயமுறுத்தலும் இல்லை. 2023இல் ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் விளம்பரங்களில் வீடு சுத்தம் செய்கிறோம், கடல் உணவு தருகிறோம் என்று சொல்லி, பிறகு வாட்ஸ்அப்பில் ஓர் ஆண்ட்ராய்டு செயலியை அனுப்பி, அதை நிறுவியவர்களின் வங்கிக் கணக்கைச் சுரண்டினார்கள். அந்த ஓராண்டில் மட்டும் 1,899 புகார்கள், குறைந்தது 3 கோடியே 41 லட்சம் வெள்ளி இழப்பு என்று காவல்துறை சொன்னது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், ஆபத்தான அனுமதிகள் கேட்கும் வெளிச் செயலிகளை ஆண்ட்ராய்டில் நிறுவவிடாமல் தடுக்கும் ஏற்பாட்டை கூகுள் உலகில் முதலில் இங்கேதான் சோதித்துப் பார்த்தது. அவ்வளவுக்கும் தொடக்கம், பார்ப்பதற்குச் சாதாரணமான ஒரு விளம்பரத்தின் மேல் விரல் வைத்ததுதான். சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். அதை அம்மாவின் கைபேசியில் இன்றே பதிந்து வையுங்கள்.

பிள்ளைகளுக்கும் இதே பேச்சுதான். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி வழியாகக் கிடைக்கும் கற்றல் சாதனத்தில் நிர்வாக மென்பொருள் இருப்பதால் ஓரளவு கட்டுப்பாடு உண்டு. தொடக்கநிலையில் படிக்கிற தங்கைக்கு வீட்டில் வாங்கும் மலிவு டேப்லட்டில் அதெல்லாம் கிடையாது. கணக்குப் போட உட்காரும் எட்டு வயதுப் பிள்ளையின் முன்னால் மினுங்குகிற விளையாட்டு விளம்பரத்தை வைத்துவிட்டு, கவனம் இல்லை என்று திட்டுவது நியாயமாகாது.

படிவத்தில் கேட்பதையெல்லாம் எழுதிக் கொடுப்பது

விளம்பரம் திரையில் மட்டும்தான் வரும் என்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எக்ஸ்போவில் நடந்த ஒரு மின்பொருள் கண்காட்சியில், எண்பது வெள்ளித் தள்ளுபடிக்காக ஒரு நீளமான படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். குடும்ப வருமானம், பிள்ளைகளின் வயது, கைபேசி எண் எல்லாம் கேட்டிருந்தார்கள். அடியில் ஒரு கட்டம், அதிலும் அடையாளம் இட்டேன். அதன் பிறகு பல மாதங்களுக்குக் காப்புறுதிக்காரர்களும் டியூஷன் நிலையங்களும் அழைத்துக்கொண்டே இருந்தார்கள்.

விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் 'அழைக்கவேண்டாம்' பதிவேட்டில்தான் என் எண் இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் எழுத்தில் தெளிவாகச் சம்மதம் கொடுத்த நிறுவனத்துக்கு அந்தப் பதிவேடு தடையில்லை. அந்தச் சின்னக் கட்டம்தான் அந்தச் சம்மதம். ஆனால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். அந்த அதிகாரியின் தொடர்பு விவரத்தை அவர்கள் வெளியிட்டிருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நிறுத்தினேன்.

அடையாள அட்டை எண்ணைச் சட்டம் கோராத இடங்களில், கண்டபடி கேட்டு வாங்க 2019 செப்டம்பர் 1 முதல் நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை. தள்ளுபடிக்கும் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கும் அது எதற்கு? கேட்டால் மறுத்துவிடுங்கள். அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸில் நுழையச் சொல்லி ஒரு தள்ளுபடி வந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

இலவசம் என்றதும் ஒப்பந்தத்தைப் படிக்காமல் விடுவது

1999இல் அமெரிக்காவில் ஃப்ரீ-பிசி என்று ஒரு நிறுவனம் வந்தது. திரையின் ஓரத்தில் எப்போதும் விளம்பரம் ஓடும், நீங்கள் உங்களைப் பற்றிய விவரங்களைக் கொடுக்க வேண்டும், பதிலுக்குக் காம்பாக் கணினி இலவசம். இருந்ததோ பத்தாயிரம் கணினி, விண்ணப்பித்தவர்களோ பத்து லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு முடிவதற்குள் இமெஷின்ஸ் என்ற கணினி நிறுவனம் அதை வாங்கிவிட்டது, இலவசமாகக் கொடுப்பதும் நின்றது. கணினி கிடைக்காத லட்சக்கணக்கானவர்களும் விண்ணப்பத்தில் தங்கள் விவரத்தைக் கொடுத்துவிட்டிருந்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

2023இல் அதே யோசனை டிவி வடிவில் திரும்பி வந்தது. அமெரிக்காவில் டெல்லி என்ற நிறுவனம் 55 அங்குல டிவியை இலவசமாகத் தருகிறது. கீழே இன்னொரு சிறு திரை, அதில் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் திரையை மறைக்கவோ விளம்பரத்தைத் தடுக்கவோ கூடாது, மீறினால் டிவியைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் வங்கி அட்டையில் பணம் எடுப்பார்கள் என்பது நிபந்தனை. வாடகை வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது போல, உங்கள் வரவேற்பறைப் பொருளில் நீங்கள் கை வைக்க முடியாது.

நம் ஊரில் அந்த டிவி இல்லை. ஆனால் இரண்டு ஆண்டு இணையச் சேவை ஒப்பந்தத்தோடு 'இலவச' லேப்டாப், டேப்லட் என்பதை நாம் பார்க்கிறோம். இதில் விளம்பரம் இல்லாவிட்டாலும் படிக்க வேண்டிய இடம் ஒன்றுதான், பாதியில் வெளியேறினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது. கருவி இல்லாமல் அதே சேவையின் மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, வித்தியாசத்தை 24ஆல் பெருக்கிப் பாருங்கள். இலவசத்தின் விலை அங்கே தெரியும்.

மலிவுக்கு வேறு வழியே இல்லை என்று நினைப்பது

பணம் இறுக்கமாக இருக்கும் வீட்டுக்குத்தான் இந்தத் தள்ளுபடிகள் கவர்ச்சியாகத் தெரிகின்றன. அந்த வீடுகளுக்காகவே இங்கே வேறு வழிகள் இருக்கின்றன. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம் என்ற அரசாங்கத் திட்டத்தின் மூலம் சலுகை விலையில் அகண்ட அலைவரிசையும் லேப்டாப் அல்லது டேப்லட்டும் கிடைக்கும். உயர்நிலைப் பள்ளிக் கற்றல் சாதனத்துக்கு, மாணவர்களின் கல்விக்காக அரசாங்கம் பணம் போடும் எடுசேவ் கணக்கிலிருந்து கட்டலாம், வசதி குறைந்தவர்களுக்குக் கூடுதல் உதவியும் உண்டு. அவ்வப்போது மட்டும்தான் கணினி வேண்டும் என்றால், நூலகத்தில் உட்கார்ந்து பயன்படுத்தலாம்.

என் சொந்தத் தேர்வு பழைய லேப்டாப்தான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால், விண்டோஸ் 11 ஏற்காத நல்ல லேப்டாப்கள் வீட்டு அலமாரிகளில் தூங்குகின்றன. அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் அல்லது குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம், இரண்டும் இலவசம். லினக்ஸ் மின்ட் தானாக ஒரு விளம்பரமும் காட்டாது. வீடியோவில் பேச, மின்னஞ்சல் பார்க்க, தமிழில் தட்டச்சு செய்ய அது தாராளம். போட்டுக் கொடுக்கத் தெரிந்த தம்பியோ தங்கையோ எல்லாப் புளோக்கிலும் இருக்கிறார்கள், கேட்க வேண்டியதுதான்.

வாங்கிய முதல் நாளை வீணாக்குவது

கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவசரமாக எல்லாவற்றுக்கும் சம்மதம் அழுத்திக்கொண்டே போகிறோம். அந்த முதல் அரைமணி நேரத்தில் செய்ய வேண்டிய வேலையைப் பிறகு யாரும் செய்வதில்லை. விண்டோஸ் கேட்கும் கேள்விகளில் உங்களுக்கேற்ற விளம்பரம் காட்டப் பயன்படும் விளம்பர அடையாள எண் பற்றியது ஒன்று வரும், மறுத்துவிடுங்கள். செட்டிங்ஸில் ஸ்டார்ட் பகுதிக்குப் போய்ப் பரிந்துரைகளை அணையுங்கள். கூடவே வந்த சோதனைக்கால வைரஸ் தடுப்பை நீக்கிவிட்டால் பாதுகாப்பு போய்விடும் என்று பயப்பட வேண்டாம், விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாக வேலையைத் தொடங்கிவிடும். அதற்குப் பணமும் இல்லை. முழுவதுமாகச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸை 8 ஜிபி யுஎஸ்பியில் இறக்கிப் புதிதாகவே நிறுவலாம். பெரும்பாலான லேப்டாப்களில் உரிமம் உள்ளேயே பதிந்திருப்பதால் மறுபடி வாங்க வேண்டியதில்லை. ஆனால் விளம்பரத்துக்காகவே விலை குறைத்துக் கொடுத்த கருவியாக இருந்தால், இதைச் செய்வதற்குமுன் ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

விளம்பரம் வரும் என்று கடையில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விற்றிருந்தால், அது வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் நடைமுறையாகக் கருதப்படலாம். முதலில் கடையில் கேளுங்கள், பிறகு பயனீட்டாளர் சங்கமான கேஸை நாடுங்கள். அதுவும் சரிவராவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 5,000 வெள்ளிக்குள் கோரும் பயனீட்டாளருக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞரும் தேவையில்லை. விலைச்சீட்டையும், கடையில் வைத்திருந்த விளம்பரப் பலகையையும், முதன்முதலில் திரையில் வந்த விளம்பரத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.